ஒன்றும் போடாத நெய்

ராசிபுரம்
18 நவம்பர் 2023

அம்மிணி தனத்துக்கு,

நவநீதகிருஷ்ணன் எழுதுவது. இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்காதே. தீபாவளியன்று போனில் நாம் கத்தின கத்தில், நம் நெய்க்கடையில் வேலை பார்க்கிற செல்லமுத்து வெண்ணெய் டின்னைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டான். "ஆரோ அடிச்சுக்கறாங்கன்னு நெனச்சனுங்கண்ணா" என்கிறான். போனை எடுத்தால் நீ ஒன்று சொல்வாய், நான் இரண்டு சொல்வேன். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது பார். இனிமேல் இப்படித்தான். நீயும் எழுது.

பேசின பேச்சை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மாற்றிப் பேசினேன் என்று ஆகக்கூடாது. கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் இரண்டு வருஷமாக நீ மைசூரில் உட்கார்ந்து, கொழுப்பு கெட்டுப்போகாமல் இருக்க மருந்து செய்கிறாய். பங்குனிக்குள் அந்த மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால் இன்னும் இரண்டு வருஷம் நீ அங்கேயே இருக்கலாம். நான் வாயைத் திறக்கமாட்டேன். வேலை செய்யவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். நீயாகச் சொன்னது இது. கோபத்தில் சொன்னாயோ என்னவோ, சொன்னாய்.

எனக்கு உன் படிப்பின் மேல் ஒரு பொறாமையும் கிடையாது. இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிற ஆசைதான். அம்மா தினமும் "தனம் எப்பச் சாமி வருவா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல எனக்குப் புதுப் பொய் ஒன்றும் மிச்சமில்லை.

ஏதோ நெய் வேண்டும் என்றாயே, அதற்குள் சண்டை வந்துவிட்டது. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எழுது.

நவநீதன்


மைசூர்
27 நவம்பர் 2023

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. செல்லமுத்து ஓடினதைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பத்தியில் எரிச்சல் வந்தது. "பேசின பேச்சு" என்று பஞ்சாயத்தில் நிற்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. கட்டின பொண்டாட்டிக்கு எழுதுகிற எழுத்தா இது? சரி, பேசினது பேசினதுதான். எனக்கும் மாற்றிப் பேசத் தெரியாது.

நெய் எதற்கு என்று சொல்கிறேன். கொட்டாவி விடாமல் படிங்க. நீங்க காறல் என்று சொல்கிறதைத்தான் நாங்க ஆக்சிஜனேற்றம் என்கிறோம். காற்றில் இருக்கிற பிராணவாயு கொழுப்பில் ஓரிடத்தைக் கெடுக்கும். கெட்டது பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும். அது அதற்குப் பக்கத்தில் இருப்பதை. ஊர்ப் புரளி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒருத்தர் காதில் வாங்கி வாயை மூடிக்கொண்டால்தான் நிற்கும். அப்படி வாயை மூடிக்கொள்கிற ஒரு பொருளைத்தான் நான் செய்திருக்கிறேன். அதன் நடுவில் மாங்கனீசு என்று ஓர் உலோகம் இருக்கிறது. செம்பும் இரும்பும் பட்டால் நெய் சீக்கிரம் காறும் என்று உங்களுக்கே தெரியும். உலோகம் என்றால் கெடுக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அந்த மாங்கனீசைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக் கட்டியிருக்கிறேன். கட்டிவைத்தால் அது கெடுக்காது, காப்பாற்றும். காப்பாற்றவேண்டும்.

இதைச் சாப்பிடுகிற நெய்யில் கலக்கப்போவதில்லை, பயப்படாதீங்க. நெய் சோதனைக்கு மட்டும்தான். நெய்யில் தேறினால், நம் உடம்புக்குள் இருக்கிற கொழுப்பையும் இப்படிக் காப்பாற்றமுடியுமா என்று பல வருஷம் பார்ப்பார்கள். அதற்கு முதல் படி இது.

கடை நெய்யில் என்ன கலக்கிறார்களோ தெரியாது. "நம்பிக்கையான இடத்திலிருந்து ஒன்றும் போடாத நெய் கொண்டுவா" என்கிறார் என் கைடு. பாதியில் மருந்து போடுவோம், பாதியைச் சும்மா விடுவோம். இரண்டையும் சூட்டில் வைத்து எது முதலில் காறுகிறது என்று பார்ப்போம். நம் கடையைவிட நம்பிக்கையான இடம் எனக்கு எது? இரண்டு டின் போதும். ஒன்றும் போடாத நெய், மாமா. நீங்களே கிட்ட நின்று காய்ச்சுங்க.

அத்தைக்குப் பொய் சொல்லவேண்டாம். அவ வருவா என்று மட்டும் சொல்லுங்க.

தனம்


ராசிபுரம்
10 டிசம்பர் 2023

அம்மிணிக்கு,

டின் இரண்டும் நேற்று லாரி பார்சலில் ஏறிவிட்டது. கெங்கவல்லிப் பக்கத்து வெண்ணெய், எருமை கலக்காதது. நீ சொன்னபடி ஒன்றும் போடவில்லை. உப்புக் கல் கிடையாது, மஞ்சள் கிடையாது, வெற்றிலை கிடையாது. செல்லமுத்துவை அடுப்புப் பக்கமே விடவில்லை. "பொண்டாட்டிக்குன்னா மட்டும் மொதலாளியே கரண்டி புடிக்கறாரு" என்று கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டான்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நெய்யில் உலோகம் படக்கூடாது என்று நாங்கள் ஈயம் பூசின பாத்திரமாகத் தேடுகிறோம். நீ உலோகத்தையே உள்ளே போட்டுக் காப்பாற்றுகிறேன் என்கிறாய். சித்தி மகன் கல்யாணத்தில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்பொண்டாட்டி சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துவந்துவிட்டேன். பாயசம்கூடச் சாப்பிடவில்லை.

நெய் வந்து சேர்ந்ததும் எழுது. பொங்கலுக்கு வருவாயா, அதையும் எழுது.

நவநீதன்


மைசூர்
21 மார்ச் 2024

மாமாவுக்கு,

பொங்கலுக்கு வராததற்குத் திட்டி எழுதுவீங்க என்று நினைத்தேன். எழுதவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மருந்து தோற்றுவிட்டது. மருந்து போட்ட நெய்யும் சும்மா வைத்த நெய்யும் ஒன்றுபோலவே நிற்கின்றன. வாரா வாரம் பார்த்து வரைபடத்தில் கோடு போட்டேன். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போகிறது. மருந்து போட்டு என்ன, போடாமல் என்ன? சும்மா வைத்த நெய்யே கெடமாட்டேன் என்கிறது. முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "எங்க ஊர் நெய் சார், அப்படித்தான் இருக்கும்" என்று கைடிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் உன் மருந்து என்ன செய்கிறது?" என்றார். இரண்டு வருஷம், மாமா. கையில் தோல் உரிய உரியச் செய்தது.

நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பேசின பேச்சு என்று நீங்க எழுதினதை நான் மறக்கவில்லை. அதற்காக வருகிறேன் என்று நினைக்காதீங்க. எனக்கு முடியவில்லை. ஹாஸ்டல் சுவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உங்க பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஒன்றும் பேசாமல் இருக்கவேண்டும். நான் தோற்றுவிட்டேன் என்று யாரும் சொல்லிக்காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்க. நீங்களும் சொல்லக்கூடாது.

ஏப்ரல் நடுவில் வாரேன்.

தனம்


ராசிபுரம்
2 ஏப்ரல் 2024

என் தனத்துக்கு,

உன் கடிதத்தை நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். என்ன எழுத? நீ அழுதுகொண்டு எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தோஷம் வருகிறது. சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது. நீ தோற்றாய் என்று எவன் சொன்னாலும் அவன் நம் வாசல்படி மிதிக்கமாட்டான். தோற்கிறவள் இரண்டு வருஷம் நிற்பாளா? போகட்டும், விடு. வா. பேசாமல் உட்கார்ந்திரு. நானும் பேசமாட்டேன், சத்தியமாக. செல்லமுத்துவை வேண்டுமானால் லீவில் அனுப்பிவிடுகிறேன்.

உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அம்மா உனக்கென்று முருங்கைக்கீரையை மரத்தில் பறிக்காமல் வைத்திருக்கிறாள். நீ வருகிற அன்றைக்குப் புது வெண்ணெய் காய்ச்சி, அடியில் மொறுமொறுவென்று நிற்கிற கீரையை உனக்கே எடுத்து வைப்பேன். கல்யாணமான புதிதில் கரண்டியோடு நக்கினாயே, நினைவிருக்கிறதா? மைசூருக்கு அனுப்பின டின்னுக்குக் காய்ச்சினபோதுகூட உன்னை நினைத்துத்தான் இரண்டு கைப்பிடி கூடவே போட்டேன். அந்த வாசனையாவது உனக்கு வந்து சேரட்டும் என்று. கீரையை வடிகட்டித்தான் அனுப்ப முடிந்தது. அடியில் நின்றதை நானே தின்றேன், கண்ணு. உன் பங்கையும் சேர்த்து.

எந்த பஸ் என்று எழுது. சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுகிறேன்.

நவநீதன்


மைசூர்
9 ஏப்ரல் 2024

நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். முருங்கைக்கீரை போட்டீங்களா? இரண்டு கைப்பிடி கூடவே?

ஒன்றும் போடாத நெய் என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றும் போடவில்லை என்று எழுதினீங்க. உப்பு இல்லை, மஞ்சள் இல்லை, வெற்றிலை இல்லை என்று வரிசையாக எழுதத் தெரிந்தது. கீரையை எழுதத் தெரியவில்லை.

முருங்கை இலை என்ன செய்யும் என்று தெரியுமா உங்களுக்கு? என் மருந்து செய்யவேண்டிய வேலையை அது செய்துவிட்டது. அதனால்தான் சும்மா வைத்த நெய் கெடவே இல்லை. சும்மா வைத்த நெய்யே இல்லை அது! இரண்டு கோடும் ஒட்டிப்போனதற்கு நான் எத்தனை நாள் அழுதேன். என் மருந்து தோற்கவில்லை. பரீட்சையே நடக்கவில்லை.

வியாபாரி நீங்க. கீரை போட்டால் நெய் காறாமல் நிற்கும் என்று வாங்க வருகிறவரிடமெல்லாம் சொல்லி விற்கிறீங்க. என் காதால் கேட்டிருக்கிறேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்லாதீங்க. மருந்து தோற்றால் நான் வீட்டுக்கு வரவேண்டும். அது பேசின பேச்சு. அந்தப் பேச்சு கையில் இருக்கும்போதுதான் அடுப்பு முன்னால் நின்றீங்க. செல்லமுத்துவைக்கூடக் கிட்டே விடவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை என்றால் திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம்படியில் நின்று சொல்லுங்க. அங்கே பொய் சொன்னவன் வம்சம் விளங்காது என்பதை நீங்களும் நம்புகிறவர்தானே. சொல்லிவிட்டு எழுதுங்க. நம்புகிறேன். அதுவரைக்கும் நான் வரமாட்டேன்.

தனப்பிரியா


ராசிபுரம்
16 ஏப்ரல் 2024

தனத்துக்கு,

அவர்களுக்கு என்று எழுதியிருக்கிறாய். கரண்டு பில்லில்தான் என்னை அப்படி எழுதுவார்கள்.

வெண்ணெய் காய்ச்சினால் கீரை விழும். அது போடுவதா? அடுப்புப் பற்றவைப்பதைப் போடுவது என்று சொல்வார்களா? கீரை விழுந்து சடசடவென்று அடங்கினால்தான் நெய் பதம் வந்தது என்று தெரியும். அது இல்லாமல் இறக்கினால் அம்மா அதை நெய் என்றே சொல்லமாட்டாள். நீ "ஒன்றும் போடாத நெய்" என்றாய். நெய்யில் எதையும் கலக்காதே என்று நான் புரிந்துகொண்டேன். கீரை வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போட்டிருப்பேனா? உனக்கும் அதை எழுதத் தோன்றவில்லையே. இந்த ஊட்டில் ஒரு வருஷம் இருந்தவள்தானே நீ?

போகட்டும். நீ என்னைக் கேட்டதை எங்கம்மா கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளை பெறுவதற்கு முன்னாலேயே வம்சத்தை இழுத்துவிட்டாய்.

படியேறச் சொல்கிறாய். ஏறுகிறேன். சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் அதையும் பண்ணுகிறேன். மனசில் ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்? வெயில் கொஞ்சம் தணியட்டும். அம்மாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போகிறேன். போய்விட்டு எழுதுகிறேன்.

நவநீதகிருஷ்ணன்


மைசூர்
13 மே 2024

மாமா, மாமா,

மலைக்குப் போயிருந்தால் திரும்பி வந்துவிடுங்க. போகவில்லை என்றால் போகாதீங்க. சத்தியமெல்லாம் வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். கைடிடம் கீரை விஷயத்தைச் சொன்னேன். ராஜினாமாவை மேசை டிராயரிலேயே வைத்திருந்தார், மேலே அனுப்பவில்லை. மறுபடி செய் என்றார். வெண்ணெய் வாங்கி நானே லேபில் காய்ச்சினேன். ஒரு இலை இல்லை. சூட்டை ஏற்றி வைத்தோம், அதனால் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சும்மா வைத்த நெய் ஒரு வாரத்தில் நாறிப்போனது. மருந்து போட்டது அப்படியே நிற்கிறது. இன்னும் நிற்கிறது. கைடு என் தோளைத் தட்டினார். பக்கத்து லேபிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்ல வாய் இல்லை.

நேற்று ஹாஸ்டலில் இர்பானாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சேலத்துப் பெண், போன மாதம்தான் சேர்ந்திருக்கிறாள். "உங்க வீட்டில் வெண்ணெய் காய்ச்சும்போது என்ன போடுவீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் போடமாட்டோம்க்கா, சுத்தமான நெய்" என்றாள். "முருங்கைக்கீரை?" என்றேன். "ஐயே, அது போடாம எப்படிக்கா நெய் காய்ச்சறது?" என்று என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

எனக்கு நல்ல செருப்படி அது. நீங்க எழுதினதை அப்படியே அவள் சொன்னாள். உங்களைப் போய் அப்படிக் கேட்டேனே. என் வாயில் மண்ணைப் போட. நம்புகிறேன் மாமா. எந்தப் படியிலும் நிற்காமலே நம்புகிறேன்.

இன்னும் இரண்டு வருஷம் இரு என்கிறார் கைடு. முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும், வேலை செய்கிறது என்று தெரிந்தாயிற்று, போதும். திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்க ஆள் கேட்கிறார்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடுவேன். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். சாயங்காலம் சேலம் வந்துவிடும். வருவீங்கதானே? கோபமாகவே வாங்க. பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பேர் பார்க்கத் திட்டுங்க. வாங்க.

உங்க தனம்


ராசிபுரம்
18 மே 2024

தனம்,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று நாள் முந்தி வந்திருந்தால் நான் மலையேறியிருக்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். செல்லமுத்துவைக் கீழேயே நிறுத்திவிட்டுத் தனியாகத்தான் ஏறினேன். உன் மேல் வீம்பு. இவ கேட்டுட்டாள்ல, சொல்லிட்டு எறங்கிருவோம், அப்புறம் இவ மூஞ்சியில முழிக்கறதா வேண்டாமான்னு நாம முடிவு பண்ணிக்கலாம் என்று மனசுக்குள் பேசிக்கொண்டே ஏறினேன். படியில் நின்று கும்பிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். ஓர் அம்மா தண்ணீர் கொடுத்தார். அன்றைக்குக் கீரையை உருவும்போது என் மனசில் என்ன இருந்தது? நீ கரண்டியை நக்குவது இருந்தது, அது உண்மை. உனக்கு அந்த வாசனை வரட்டும் என்று நினைத்தேன், அதுவும் உண்மை. ஆனால் அன்று காலையிலும் அம்மா எப்பச் சாமி வருவா என்று கேட்டிருந்தாள். பங்குனிக்கு வந்துருவா என்று சொன்னேன். வருவாளோ மாட்டாளோ என்று சொல்லவில்லை, வந்துருவா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கீரை போட்டால் நெய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? எப்போதும் போடுவது ஒரு கைப்பிடி. அன்று எதற்கு இரண்டு கைப்பிடி கூட?

ஆசையில் போட்டேன் என்றுதான் ஏப்ரல் வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. நீ கேட்டாய். கேட்டதிலிருந்து கை எதை நினைத்துப் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ண முடியவில்லை. ஆமாம் என்றும் பண்ண முடியவில்லை. கும்பிட்ட கையோடு இறங்கி வந்துவிட்டேன்.

நீ நம்புகிறேன் என்கிறாய். சேலத்துப் பெண் சொன்னதை வைத்து நம்புகிறாய். அந்தப் பெண்ணுக்கு நீ வீட்டுக்கு வரவேண்டும் என்கிற ஆசை இல்லை தனம். எனக்கு இருந்தது. ராத்திரி பகல் இருந்தது.

நீ வந்தால் சிரித்துக்கொண்டுதான் இருப்பாய், உன்னைத் தெரியும் எனக்கு. காலேஜ் போய்விட்டு வந்து ஒரு நாள் அசந்துபோய் ஜன்னல் பக்கம் பார்ப்பாய். மைசூரை நினைக்கிறாளா, நானாகப் பிடுங்கிக்கொண்டு வந்ததா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். உன்னைக் கேட்கமாட்டேன், எனக்குள்தான் கேட்பேன். அப்புறம் ஒரு நாள் அதுவும் சண்டையாகும். அப்படி ஒரு ஊட்டில் உன்னை வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

உன் மருந்து வேலை செய்கிறது. அதை விட்டுவிட்டு வராதே. கைடிடம் போய் இருக்கிறேன் என்று சொல். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கோபம் இல்லை, சாமி. இருந்தால் வா என்று சொல்லித் திட்டித் தீர்த்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். டிக்கெட்டை ரத்து பண்ணிவிடு. இது உனக்குச் சீக்கிரம் கிடைக்கவேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். படித்துவிட்டுப் போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன்.

நவநீதன்